கேமரா எங்கே வைப்பது என்று கேட்கும் நிறுவனத்துக்கு மாணவர்கள் என்ன பதில் தர முடியும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. குற்றவியல் இறுதியாண்டு மாணவர்கள் ஐந்து பேர். கேப்ஸ்டோன் என்னும் இறுதித் திட்டத்துக்குக் கூட்டாளியாகக் கிடைத்திருப்பது பல கிளைகள் உள்ள ஒரு சில்லறை விற்பனை நிறுவனம். "கடைத்திருட்டைக் குறைக்க வேண்டும், இன்னும் எங்கெங்கே கேமரா வைக்கலாம் என்று சொல்லுங்கள்" என்பது அவர்கள் தந்த வேலை. கையில் இருப்பது 12 வாரம். வழிகாட்டி "ஆய்வுக் கேள்வி எங்கே?" என்கிறார். நிறுவனத்தின் மேலாளர் "பரிந்துரை எப்போது வரும்?" என்கிறார். இருவரையும் எப்படிச் சமாளிப்பது, முடிவு நிறுவனத்துக்குப் பிடிக்காமல் போனால் மதிப்பெண் என்னாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை இரண்டாம் முறை படித்தபோது அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பது தெரிந்தது. நிறுவனம் சொன்னதைச் செய்து கொடுப்பதா, படித்ததை வைத்து ஆராய்வதா, இது உண்மையில் யாருடைய வேலை? அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் சில ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் இழப்புத் தடுப்புப் பிரிவில் வேலை பார்த்தேன். அதன் பிறகு ஒன்பது ஆண்டுகளாக இதே போன்ற மாணவர் திட்டங்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்: உங்கள் வழிகாட்டியும் மேலாளரும் கேட்பது வேறு வேறு விஷயம் போலத் தெரிந்தாலும், திட்டத்தின் முதல் மூன்று வாரங்களைச் சரியாகச் செலவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதைத் தவறவிட்ட குழுக்கள்தான் கடைசி வாரத்தில் இரண்டு பக்கமும் இழுபடுகின்றன.

கூட்டாளி நிறுவனங்கள் பெரும்பாலும் பிரச்சினையைச் சொல்வதில்லை, தீர்வைச் சொல்கின்றன. "கேமரா எங்கே வைக்கலாம்" என்பது ஒரு தீர்வு. எந்தப் பிரச்சினைக்கு அது தீர்வு என்று கேட்டால் மேலாளரிடம் தெளிவான பதில் இருக்காது. இதில் அவர் மேல் குற்றம் இல்லை. தினமும் கடையை நடத்துகிறவருக்கு உட்கார்ந்து பிரித்துப் பார்க்க நேரம் கிடையாது. 1979இல் அமெரிக்க ஆய்வாளர் ஹெர்மன் கோல்ட்ஸ்டீன் காவல்துறையைப் பற்றி இதையேதான் எழுதினார். எத்தனை ரோந்து, எத்தனை வண்டி, எத்தனை கைது என்று வழிமுறைகளிலேயே கவனம் போகிறது, எந்தப் பிரச்சினையைத் தீர்க்கிறோம் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது என்றார். பிரச்சினை சார்ந்த காவல்பணி என்ற துறையே அந்தக் கட்டுரையிலிருந்து வளர்ந்தது. 1987இல் ஜான் எக், வில்லியம் ஸ்பெல்மன் இருவரும் அமெரிக்காவின் நியூபோர்ட் நியூஸ் நகரக் காவல்துறையோடு செய்த வேலையிலிருந்து வந்ததுதான் நீங்கள் பாடத்தில் படித்திருக்கும் 'சாரா' முறை: பிரச்சினையை இனங்காணுதல், பகுத்தாய்தல், நடவடிக்கை, மதிப்பிடுதல். உங்கள் நிறுவனம் முதல் இரண்டு படிகளைத் தாண்டி மூன்றாவதில் வந்து நிற்கிறது. உங்கள் பங்கு அவர்களை மரியாதையோடு இரண்டாவது படிக்குத் திரும்ப அழைத்து வருவது. வழிகாட்டி கேட்கும் ஆய்வுக் கேள்வி அங்கேதான் இருக்கிறது. மேலாளர் கேட்கும் பரிந்துரையும் அங்கிருந்துதான் வரும்.

எப்படி அழைத்து வருவது? "கேமரா தேவையா என்று முதலில் பார்ப்போம்" என்று தொடங்கினால் அவருக்கு எரிச்சல்தான் வரும். "கேமரா சரியான இடத்தில் இருக்க வேண்டுமென்றால் எது, எங்கே, எப்போது, எப்படிக் காணாமல் போகிறது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்" என்று சொல்லுங்கள். இதை மறுக்கும் மேலாளரை நான் பார்த்ததில்லை. அடுத்து இன்னொன்றையும் கேளுங்கள்: "காணாமல் போனது உங்களுக்கு எப்படித் தெரியவருகிறது?" இந்த ஒரு கேள்விக்காக ஒரு முழுச் சந்திப்பைச் செலவழித்தாலும் தகும்.

ஏன் என்றால், கடைத்திருட்டு பற்றிய தரவு ஒரு நிறுவனத்துக்குள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் பிறக்கிறது, இரண்டும் வேறு வேறு கதை சொல்லும். ஒன்று, பாதுகாவலரோ ஊழியரோ பார்த்து எழுதிய சம்பவப் பதிவு. இன்னொன்று, ஸ்டாக் எண்ணும்போது கணக்கில் இருக்க வேண்டியதற்கும் அலமாரியில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். இந்த வித்தியாசத்தை நிறுவனங்கள் சுருக்கமாக 'இழப்பு' என்று சொல்லும், மேலாளர் அதைத் 'திருட்டு' என்று எண்ணிக்கொள்வார். ஆனால் அதற்குள் வாடிக்கையாளர் திருட்டு மட்டும் இல்லை. ஊழியர் எடுத்தது இருக்கும், சப்ளையர் குறைவாக அனுப்பியது இருக்கும், உடைந்ததை எழுதாமல் விட்டது இருக்கும், பில்லில் தப்பான பொருளை அடித்தது இருக்கும். இதில் எந்தப் பங்கு எவ்வளவு என்று எந்த நிறுவனத்துக்கும் முழுசாகத் தெரியாது. சம்பவப் பதிவுக்கு வேறொரு குறை உண்டு. அது திருட்டை அளப்பதைவிட, பிடிப்பவரின் சுறுசுறுப்பை அளக்கிறது.

என் மாணவர் குழு ஒன்று இதில் கிட்டத்தட்ட விழுந்தது. ஏழு கிளைகளின் சம்பவப் பதிவு கையில் வந்தது. ஒரு கிளையில் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் சம்பவங்கள். அந்தக் கிளைதான் ஆபத்தானது, அங்கே கூடுதல் ஆள் போட வேண்டும் என்று வரைபடமெல்லாம் போட்டுக் கொண்டு வந்தார்கள். நேரில் போய்ப் பாருங்கள் என்று அனுப்பினேன். அங்கே பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு மூத்த அம்மா. சாக்லேட் உறை கிழிந்து கிடந்தால்கூட நேரம் போட்டு எழுதி வைப்பவர். ஸ்டாக் கணக்கில் பெரிய ஓட்டை இருந்தது வேறொரு கிளையில், அங்கே பதிவேட்டில் மாதம் ஒரு வரிகூட இல்லை. அந்த மாணவர்களின் இறுதி அறிக்கையில் பாதி, பதிவு எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பற்றியதாகவே ஆனது. நிறுவனம் அந்தப் பாதியைத்தான் எடுத்துப் பயன்படுத்தியது. அந்த அம்மாவின் முறையை எல்லாக் கிளைக்கும் கொண்டுபோனார்கள்.

இரண்டு வகைத் தரவும் கையில் வந்த பிறகு தேட வேண்டியது குவிதல். குற்றம் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை என்பது நம் துறையில் மிக உறுதியாகத் தெரிந்த விஷயங்களில் ஒன்று. லாரன்ஸ் ஷெர்மனும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரத்தை வைத்து 1989இல் வெளியிட்ட ஆய்வில், காவல்துறைக்கு வந்த அழைப்புகளில் சுமார் பாதி, நகரத்தின் ஏறக்குறைய 3 சதவீத இடங்களிலிருந்து வந்தது தெரிந்தது. கடைக்குள்ளும் இதே போன்ற குவிதலை எதிர்பார்க்கலாம். ஆயிரக்கணக்கான பொருள்களில் சில டஜன் மட்டும் திரும்பத் திரும்பப் போகும். எவை போகும் என்று யோசிக்கக் குற்றவியல் ஆய்வாளர் ரொனால்ட் கிளார்க் 1999இல் முன்வைத்த பட்டியல் கைகொடுக்கும். ஒளிக்க முடிவது, தூக்கிப் போக எளிதானது, கைக்கு எட்டுவது, விலை உள்ளது, அனுபவிக்கத் தக்கது, விற்றுத் தள்ள முடிவது என்று ஆறு தன்மைகளைச் சொன்னார். அதில் கடைசியான 'விற்றுத் தள்ள முடிவது' என்பதை மாணவர்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். அதுவே மிக முக்கியமானதாக இருக்கலாம் என்று கிளார்க் கருதினார். ஒரே பொருளை ஒருவர் பத்து எடுத்துப் போகிறார் என்றால் அது வீட்டு உபயோகத்துக்கு இருக்காது.

குற்றம் நடக்க ஒன்றுசேர வேண்டியவை என்று கோஹனும் ஃபெல்சனும் 1979இல் சொன்ன மூன்று கூறுகள் (தூண்டப்பட்ட குற்றவாளி, தகுந்த இலக்கு, காக்கும் ஆள் இல்லாமை) உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அவற்றை அறிக்கையின் இரண்டாம் அத்தியாயத்தில் எழுதி அப்படியே விட்டுவிடாதீர்கள். கடைத் தளத்தில் நடந்துகொண்டே கேளுங்கள். இந்த அலமாரியிலிருந்து பணம் கட்டும் இடம் தெரிகிறதா? ஷிப்ட் மாறும் அரை மணி நேரத்தில் இங்கே யார் நிற்கிறார்கள்? உயரமான அலமாரி எந்த மூலையை மறைக்கிறது? உடை மாற்றும் அறைக்குள் எத்தனை துணி போகிறது என்று யாராவது எண்ணுகிறார்களா? வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரம் என்று எட்டு பத்து முறை இப்படி நடந்தால் எக்செல் காட்டாதது தெரியும். அப்போது கேமராவைத் தவிர வேறு பத்து வழிகள் கண்ணில் படும். ஒரு அலமாரியைத் தாழ்த்துவது, ஒரு பொருளைப் பணம் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் நகர்த்துவது, நுழைவில் ஊழியர் ஒருவர் வணக்கம் சொல்வது. இவை கேமராவைவிட மலிவானவை. பலன் தருமா என்று சோதிப்பதும் எளிது.

கேமரா பற்றி என்ன தெரியும் என்று நேரடியாகக் கேட்பீர்கள். பொது இடங்களில் சிசிடிவி குறித்த ஆய்வுகளைத் தொகுத்த வெல்ஷ், ஃபாரிங்டன் ஆகியோரின் மதிப்பாய்வுகள், மிதமான பலன் இருப்பதாகவும் அது வாகன நிறுத்துமிடங்களில் தெளிவாகத் தெரிவதாகவும் சொல்கின்றன. வேறு இடங்களில் முடிவுகள் கலவையானவை. இது உறுதியான பகுதி. உங்கள் நிறுவனத்தின் கடைக்குள் இன்னும் நான்கு கேமரா வைத்தால் திருட்டு குறையுமா என்பது அந்த ஆய்வுகளிலிருந்து நேராக வராது. படத்தை யார் பார்க்கிறார்கள், பார்த்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார் என்பதைப் பொறுத்தது அது. இப்போது இருக்கும் கேமராக்களின் திரைக்கு முன்னால் எத்தனை மணி நேரம் யாராவது உட்கார்ந்திருக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். பதில் உங்கள் அறிக்கைக்கு ஒரு முக்கியமான பத்தியைத் தரும்.

"ஒரு இடத்தில் தடுத்தால் இன்னொரு இடத்துக்குப் போய்விடும்" என்று மேலாளர் சொல்லலாம், உங்கள் தேர்வாளரும் கேட்கலாம். அப்படி நடப்பது உண்டு, ஆனால் தவிர்க்க முடியாதது இல்லை. ராப் கெரெட், கேட் பவர்ஸ் 2009இல் 102 மதிப்பீடுகளைத் தொகுத்தபோது, இடமாற்றம் காணப்பட்டது 26 சதவீத அவதானிப்புகளில். பக்கத்து இடங்களிலும் குற்றம் குறைந்த நேர்மாறான விளைவு 27 சதவீதத்தில் இருந்தது. ஆகவே நீங்கள் ஒரு மாற்றத்தைப் பரிந்துரைத்தால் பக்கத்து அலமாரியையும் பக்கத்துக் கிளையையும் சேர்த்துக் கவனிக்கச் சொல்லுங்கள்.

இனி உங்களால் எதைச் சொல்ல முடியாது என்பது. 12 வாரத்தில் திருட்டைக் குறைத்ததாக உங்களால் காட்ட முடியாது. யாராவது காட்டச் சொன்னால் மறுக்க வேண்டும். எண்ணிக்கை சிறியது, பருவத்துக்குப் பருவம் மாறுவது. அதோடு, மிக மோசமான மாதத்துக்குப் பிறகு நடவடிக்கை எடுத்தால், நடவடிக்கை எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த மாதம் பெரும்பாலும் கொஞ்சம் தணிந்தே இருக்கும். அது சராசரிக்குத் திரும்பும் இயல்பு. மேலாளர்கள் இதைத் தங்கள் நடவடிக்கையின் வெற்றியாக நினைத்துக்கொள்வது சகஜம். ஒப்பிட ஒரு கிளை இல்லாமல், ஓராண்டுக்கு முந்தைய கணக்கு இல்லாமல், முன் பின் என்று இரண்டு எண்ணை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்கக் கூடாது. பிரச்சினை எங்கே குவிந்திருக்கிறது, அதற்கு நியாயமான காரணம் என்னவாக இருக்கலாம், எதை முதலில் சோதிக்கலாம், சோதித்தால் பலனை எப்படி அளப்பது என்பதை உங்களால் சொல்ல முடியும். நல்ல கேப்ஸ்டோனுக்கு அது போதும். உங்களுக்குப் பிறகு வரும் குழு அடுத்த ஆண்டு அளந்து பார்க்கட்டும்.

பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறை ஒப்புதலை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். ஊழியரை நேர்காணல் செய்வதென்றால் ஒப்புதல் தேவைப்படும், அது வர வாரக்கணக்கில் ஆகலாம். சந்தேக நபர்கள் தெரியும் கேமராப் பதிவை நிறுவனம் பென்டிரைவில் போட்டுத் தர முன்வந்தால் வாங்காதீர்கள். நாள், நேரம், பொருள், இடம் மட்டும் உள்ள அட்டவணை போதும். பெயர், முகம், வண்டி எண் எதுவும் உங்கள் மடிக்கணினிக்கு வரக்கூடாது. இதில் இன்னொன்றும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "எந்த மாதிரி ஆட்கள் திருடுகிறார்கள் என்று ஒரு அடையாளப் பட்டியல் தாருங்கள்" என்று சில கூட்டாளிகள் கேட்பார்கள். தரக் கூடாது. சம்பவப் பதிவில் இருப்பது யார் திருடினார்கள் என்பதைவிட யார் கண்காணிக்கப்பட்டார்கள் என்பதுதான். அதை வைத்துப் பட்டியல் போட்டால் ஏற்கெனவே சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறவர்களை உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரால் இன்னும் அதிகமாகச் சந்தேகிக்க வைப்பீர்கள். பொருள், இடம், நேரம் என்ற மூன்றோடு நில்லுங்கள்.

ரகசியக் காப்பு ஒப்பந்தம் நீட்டினால் நீங்களாகக் கையெழுத்துப் போடாதீர்கள். வழிகாட்டியிடமோ பல்கலைக்கழக அலுவலகத்திடமோ கொடுங்கள். தேர்வாளர்கள் முழு அறிக்கையைப் படிக்கும் உரிமை அதில் இருக்கிறதா என்று மட்டும் நீங்களும் பாருங்கள். அது இல்லாததால் கடைசி நேரத்தில் மதிப்பீடே நின்றுபோன ஒரு குழுவை எனக்குத் தெரியும்.

தரவு வராமல் போவது அடிக்கடி நடப்பது, உங்களுக்கும் இன்னும் வரவில்லை என்கிறீர்கள். ஒரு தேதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நான்காம் வாரத்தின் கடைசி என்று வையுங்கள். அதற்குள் வரவில்லையென்றால் கடைத் தளத்தை நேரில் கவனிப்பது, ஊழியர் நேர்காணல், வெளியாகியிருக்கும் ஆய்வுகள் ஆகியவற்றை மட்டும் வைத்துத் திட்டம் நடக்கும் என்று வழிகாட்டியிடம் இப்போதே எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். காத்திருந்து எட்டாம் வாரத்தில் திசை மாறிய குழு எதுவும் நன்றாக முடித்ததை நான் பார்க்கவில்லை.

முடிவு அவர்களுக்குப் பிடிக்காமல் போனால்? மதிப்பெண் விதி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் வேறு, உங்கள் பாடக் கையேட்டில் கூட்டாளியின் கருத்துக்கு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். நான் மதிப்பிடும்போது பார்ப்பது, முடிவு தரவிலிருந்து வந்ததா என்பதைத்தான். கூட்டாளிகளின் அனுபவத்தைச் சொல்வதென்றால், அவர்களைக் கோபப்படுத்துவது மோசமான செய்தியைவிட எதிர்பாராத செய்திதான். ஆறாம் வாரத்தில் ஒரு இடைக்கால உரையாடல் வையுங்கள். "இழப்பில் ஒரு பகுதி கிடங்குப் பக்கம் இருப்பது போலத் தெரிகிறது, இன்னும் உறுதியில்லை, உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேளுங்கள். பாதி நேரம் அவர்களுக்கே அந்தச் சந்தேகம் இருந்திருக்கும். அதற்கு வேறு விளக்கம் இருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும், நீங்களும் தவறிலிருந்து தப்புவீர்கள்.

பிடிக்காத முடிவை எழுதத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். நம் துறையின் வரலாற்றில் இதற்கு ஒரு வலுவான பதில் இருக்கிறது. சிறுவர்கள் குற்றத்தின் பக்கம் போகாமல் தடுக்க அமெரிக்காவில் 1939இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சோமர்வில் திட்டத்தில் அவர்களுக்கு ஆலோசகர்கள், படிப்புதவி, கோடை முகாம் என்று பல ஆண்டுகள் அக்கறையோடு உதவினார்கள். பங்கேற்றவர்களில் பலர் பின்னாளில் அந்த உதவியை நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள். ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் அவர்களை முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு தேடிப் பிடித்து 1978இல் வெளியிட்டபோது, உதவி பெற்ற குழு பல அளவீடுகளில், உதவி பெறாத ஒப்பீட்டுக் குழுவைவிட மோசமாக இருந்தது. ஒப்பீட்டுக் குழு என்று ஒன்று இல்லாதிருந்தால், அதை மெக்கார்ட் அப்படியே எழுதாதிருந்தால், திருப்தி தெரிவித்தவர்களின் கடிதங்களே ஆதாரமாக நின்றிருக்கும். உங்கள் திட்டம் அவ்வளவு பெரிதில்லை. ஆனால் உங்கள் அறிக்கையை நம்பி ஒரு ஊழியர் மேல் சந்தேகம் விழலாம், ஒரு கிளைக்கு ஆள் குறைக்கப்படலாம். அந்த எடை அதற்கு உண்டு.

எழுதும்போது இரண்டு ஆவணமாகப் பிரித்துவிடுங்கள். பல்கலைக்கழகத்துக்குக் கோட்பாடு, முறை, வரம்புகள் எல்லாம் உள்ள முழு அறிக்கை. நிறுவனத்துக்கு நான்கு பக்கம், முதல் பக்கத்திலேயே கண்டது என்ன, எவ்வளவு உறுதி, எதை முதலில் செய்து பார்க்கலாம். அந்த நான்கு பக்கத்திலும் வரம்புகளை விட்டுவிடாதீர்கள், எளிய மொழியில் மூன்று வரியாவது இருக்கட்டும். ஐந்து பேரில் ஒருவர் மட்டுமே நிறுவனத்தோடு பேசுவது நல்லது. ஐந்து பேரும் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பினால் மேலாளர் பதில் போடுவதையே நிறுத்திவிடுவார்.

இந்த வாரமே செய்யக் கூடியது ஒன்று. ஒரு பக்கத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள்: நிறுவனம் கேட்டது என்று நீங்கள் புரிந்துகொண்டது, அதை நீங்கள் மாற்றி அமைத்திருக்கும் கேள்வி, அதற்குத் தேவையான தரவும் அது வர வேண்டிய தேதியும். வழிகாட்டிக்கும் மேலாளருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பி, இருவரும் சரி என்று பதில் எழுதும்வரை அலமாரிப் பக்கம் போகாதீர்கள். அந்தப் பக்கத்தின் வரைவை இங்கேயே போட்டால் பார்த்துத் திருத்தித் தருகிறேன். நிறுவனத்தின் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்.